தேயிலை மலையில் ஒரு தலைமறைவு உளவாளி: மலையகத்தில் திகில் தொடர் எழுத விரும்புவோரின் கேள்விகளும் பதில்களும்

சொந்த இலாகாவே துரோகி என்று முத்திரை குத்தித் துரத்தும் ஓர் உளவாளி. ஓடிக்கொண்டே தன்னை மாட்டிவிட்ட சதியை அவர் அவிழ்க்க வேண்டும். இந்தக் கதையை நம் மலைகளில் வைத்துத் தொடராக எழுத விரும்பும் இளையவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றுசேர்த்திருக்கிறேன்.

இந்த வகைக் கதைக்கு மலையகம் பொருந்துமா? கொழும்பு அல்லவா பொருத்தம்?

பொருந்தும். துரத்தப்படும் மனிதனை மலைக்கு அனுப்புவது இந்த வகைக் கதையின் பழைய வழக்கம். ஜோன் பக்கன் 1915இல் வெளியிட்ட நாவலில், செய்யாத கொலைக்குத் தேடப்படும் நாயகன் லண்டனில் ரயிலேறி ஸ்கொத்லாந்து மலைகளுக்குத்தான் ஓடுகிறான். 1867இல் லூல்கந்துரையில் தேயிலையைப் பெருந்தோட்டமாக நட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொத்லாந்துக்காரர். அங்கிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களை நம் தோட்டங்களுக்குச் சூட்டிவிட்டுப் போனார்கள். அந்தக் கதை வடிவமும் இங்கே வந்து தங்கட்டும்.

நான் மலையகத்தை வலியுறுத்துவதற்குக் காரணம் மூடுபனியோ மலைமுகடோ அல்ல. ஒரே இரவில் தன் பெயரும் அடையாளமும் பறிபோய், தான் யார் என்பதை அதிகாரிகளிடம் நிரூபிக்க முடியாமல் நிற்பவனின் கதை இது. அந்த நிலையை ஒரு சமூகமாகவே வாழ்ந்து பார்த்தவர்கள் நாங்கள். 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரின் விதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்தச் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. காகிதம் இல்லாததால் மனிதன் இல்லாமல் போகும் பயத்தை எங்கள் வாசகருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பயத்தின்மேல் உங்கள் தொடரைக் கட்டுங்கள்.

சரி, சதி என்னவாக இருக்கலாம்? அணுகுண்டு, கிருமி ஆயுதம் எல்லாம் வேண்டுமா?

வேண்டாம். அவை வெளியூரில் இருந்து இரவல் வாங்கிய சரக்காகத் தெரியும். நம் மண்ணில் சதி காகிதத்தில்தான் வளரும்.

இப்படி நினைத்துப் பாருங்கள். ஒப்பந்தத்தின்படி குடும்பம் குடும்பமாக ரயிலேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கப்பல் சேவை 1984 வரை நடந்தது. போனவர்களின் பெயர்களும் இறந்தவர்களின் பெயர்களும் ஏதோ ஓர் அலுவலகத்தின் பதிவேட்டில் தூங்குகின்றன. மேலிடத்தில் இருக்கும் ஒரு சிறு கூட்டம் அந்தப் பெயர்களை எழுப்பி, அவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் செய்து, அவற்றின் பின்னால் தன் ஆட்களை ஒளித்துவைக்கிறது. உங்கள் நாயகி ஒட்டுக்கேட்கும் அறையில் வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளர். ஓர் இரவு காதில் விழும் உரையாடலில் வரும் பெயர் அவளுடைய தாத்தாவின் பெயர். அவரோ 1970களில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாகப் போய், தமிழ்நாட்டிலேயே கண்மூடியவர். அவள் கேட்டுவிட்டாள் என்று தெரிந்த கணத்தில் வேட்டை தொடங்குகிறது.

இந்தச் சதியை உடைக்கும் ஆதாரம் எங்கே கிடைக்கும்? கொழும்பில் இருக்கும் ஆவணங்களைத்தான் எதிரி திருத்திவிட்டானே. ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் வேறொரு பதிவு இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு காசு சேர்த்த கணக்குக் கொப்பி. மரண உதவிச் சங்கத்தின் கொப்பி: யார், எந்தத் தேதியில் இறந்தார், எந்தெந்த வீடு எவ்வளவு கொடுத்தது. அட்டை கிழிந்து, ஓரம் கரையான் அரித்து, தகரப் பெட்டிக்குள் கிடக்கும் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று ஓர் இலாகாவின் பொய்யை உடைக்கும் காட்சியை எழுதிப் பாருங்கள். அதற்கு முன்னால் எந்த வெடிகுண்டும் நிற்காது.

வேறு சதிக் களங்கள்?

கழிவுத் தேயிலை வியாபாரம் ஒன்று. தரக் கட்டுப்பாட்டுக்குத் தப்பிய கழிவுத் தூளைச் சட்டவிரோதமாக வாங்கி, நல்ல தூளில் கலந்து விற்கும் கும்பல்கள் பிடிபடும் செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வரும். தோட்டக் காணி கைமாறுவது இன்னொன்று. மண்சரிவு எச்சரிக்கை அறிக்கை ஒன்று கோப்போடு காணாமல் போவது மூன்றாவது. இந்த மூன்றாவதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

நாயகன் வெளியாளாக இருக்கலாமா?

இருக்கலாம், ஆனால் அப்போது அவரால் ஒரு நாள்கூட ஒளிந்திருக்க முடியாது. தோட்டத்துக்குப் புதிதாக வரும் யாரிடமும் முதலில் கேட்கப்படுவது, “தம்பி எந்தத் தோட்டம்?” என்பதுதான். அடுத்தது, “எந்த டிவிசன்?” மூன்றாவது, “யார் வீட்டுப் பிள்ளை?” பொலிஸ் விசாரணையைவிடக் கடுமையான இந்த மூன்று கேள்விகளும் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடியே கேட்கப்படும். பொகவந்தலாவைப் பக்கம் என்று நாயகன் பொய் சொன்னால், அங்கே வாழ்க்கைப்பட்டுப் போன அக்கா ஒருத்தி அடுத்த காம்பராவில், அதாவது அடுத்த லய வீட்டில், இருப்பாள். கணக்கப்பிள்ளை பெயரைக் கேட்பாள், கோயில் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று கேட்பாள். பொய் அங்கேயே உதிர்ந்துவிடும்.

ஒரு முழு அத்தியாயத்தை இந்த விசாரணைக்கே கொடுக்கலாம். துப்பாக்கி எதுவும் வேண்டாம். ஆயா ஒருத்தி வெற்றிலை மென்றபடி கேட்பதும், தலைமறைவாக வந்தவள் பதில் தேடுவதும் போதும். அந்த ஆயா உண்மையைக் கண்டுபிடித்துவிட்டு, எதுவும் பேசாமல் இன்னொரு ரொட்டியைத் தட்டில் வைத்தால் உங்கள் கதை அங்கிருந்து உயரும். மலையகத்தில் மலை யாரையும் ஒளித்துவைக்காது, மக்கள்தான் ஒளித்துவைப்பார்கள். நான் படித்த கையெழுத்துப் பிரதிகளில் பாதிக்குமேல் இதைக் கவனிக்காமல் காட்டையும் குகையையும் நம்பி எழுதப்பட்டவை.

தேயிலைச் செடிகளுக்குள் ஓடி ஒளியும் காட்சி எழுதலாமா?

எழுதும் முன் ஒரு மலையில் இறங்கி நடந்து பாருங்கள். தேயிலைச் செடி தூரத்தில் பார்க்கப் பச்சைக் கம்பளம், கிட்டே போனால் இடுப்பளவு உயரத்தில் பின்னிக் கிடக்கும் கட்டைக் கொம்புகள். குறுக்கே ஓடினால் முழங்கால் கிழியும். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் படங்கு என்ற தடித்த துணியைக் கட்டுவது அதனால்தான். நிரைக்கு நிரை போகலாம், அல்லது மழைநீர் வடிய வெட்டிய கானுக்குள் குனிந்து போகலாம். கானில் போனால் தலை தெரியாது, ஆனால் மழைக்காலத்தில் அட்டை கால் முழுவதும் ஏறிவிடும். இரத்தம் உறையாமல் வழிந்து சாரத்தை நனைத்துக் காட்டிக்கொடுக்கும்.

கவ்வாத்து மலையை மறந்துவிடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடிகளைச் சரிவாக வெட்டி மொட்டையாக்கிவிடுவார்கள். அந்த மலையில் ஒரு கோழிகூட ஒளிய முடியாது. பழைய நினைவை நம்பி ஓடிவந்த நாயகி, போன வருடம் பச்சையாக இருந்த மலை இன்று கவ்வாத்து வெட்டிக் குச்சியாக நிற்பதைப் பார்க்கிறாள் என்றால் வாசகர் நெஞ்சு பதறும். தோட்டத்தில் பிறந்த வாசகர் ஒரு படி அதிகமாகவே பதறுவார்.

தேயிலைத் தொழிற்சாலையில் ஒளிய முடியுமா?

முடியும், என் பார்வையில் மலையகத்தின் ஆகச்சிறந்த ஒளிவிடமும் அதுதான். அங்கே கடிகாரம் தானாகவே ஓடுகிறது.

பகலில் பறித்த கொழுந்தை மேல்மாடியில் நீண்ட வாட்டும் தொட்டிகளில் பரப்புவார்கள். தொட்டியின் அடியில் கம்பிவலை, அதன் கீழே காற்றறை, ஒரு முனையில் பெரிய விசிறி. பன்னிரண்டு முதல் பதினெட்டு மணிநேரம் வரை காற்று ஓடும். விசிறி இரைச்சலில் காலடிச் சத்தம் கேட்காது. வலைக்கும் தரைக்கும் இடையிலான அந்தக் காற்றறைக்குள் ஓர் ஆள் படுத்துக்கிடக்கலாம். தலைக்கு மேலே ஈரக் கொழுந்தின் பச்சை வாசம், முதுகில் அறையும் காற்று, உதடு வெடித்துக் காய்ந்துபோகும். ஆனால் வாட்டம் முடிந்ததும், தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் வந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளிக் கையில் இறுக்கிப் பார்ப்பார். பக்குவம் சரியென்றால் தொட்டியைக் காலிசெய்யச் சொல்வார். பிறகு கீழே உருட்டும் இயந்திரங்கள் ஓடத் தொடங்கும். ஆகவே ஒளிந்திருப்பவளின் உயிர் அந்த டீமேக்கரின் உள்ளங்கையில் இருக்கிறது. இப்படி ஒரு காலக்கெடு தானாக அமையும் களம் வேறெங்கும் கிடைக்காது.

ரயில் காட்சி வைக்கலாமா? எல்லோரும் வைக்கிறார்களே?

வையுங்கள். ஆனால் ஒன்பது வளைவுப் பாலத்தை இந்த ஒரு தடவை சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்த நிலையமான தெமோதரைக்குப் போங்கள். 1924இல் பதுளை வரை போட்ட இந்தப் பாதை, அங்கே சரிவைச் சமாளிக்க மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கம் வழியாகப் போகிறது. துரத்துபவர்கள் பெட்டி பெட்டியாகத் தேடுகிறார்கள். நாயகி தெமோதரையில் நழுவி இறங்குகிறாள். அவர்களைச் சுமந்துகொண்டு ரயில் மலையைச் சுற்றி வந்து அவள் காலடியிலேயே கடக்கிறது. அவள் இறங்கிவிட்டதை அவர்கள் உணரும்போது ரயில் சுரங்கத்துக்குள். ஆறு நிமிடத்தில் படித்து முடிக்கக்கூடிய ஓர் அருமையான அத்தியாயம் அங்கே தயாராக இருக்கிறது.

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலான சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. அதை இருட்டுக்குப் பயன்படுத்தலாம். பட்டிப்பொல நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம், அங்கே குளிருக்குப் போர்வை போர்த்தி முகம் மறைத்து நிற்பவரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சிவனொளிபாத மலை?

பருவகாலம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை. நல்லதண்ணி வழியாக இரவெல்லாம் ஆயிரக்கணக்கானோர் ஏறுவார்கள், தலையை மூடிக் கம்பளி கட்டியிருப்பார்கள், எல்லா மதத்தாரும் எல்லா மொழியினரும் இருப்பார்கள். சந்திப்புக்கு உகந்த இடம். துப்பாக்கிச் சண்டையை மட்டும் அந்தப் படிகளில் வைக்காதீர்கள். குழந்தையைத் தோளில் சுமந்து கும்பிடப் போகிறவர்களின் வழி அது.

ஆதாரத்தை ஒளித்துவைக்க ஓர் இடம் சொல்லுங்கள்.

மவுசாகலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. 1960களின் இறுதியில் அணைகட்டியபோது மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலின் கல்தூண்கள் தலைகாட்டும். ஊர்க்காரர்கள் போய்ப் பார்த்துக் கும்பிட்டு வருவார்கள். உங்கள் கதையில் யாரோ ஒருவர் முந்தைய வரட்சியின்போது அங்கே எதையோ புதைத்துவிட்டுப் போகட்டும். நீர் மறுபடி இறங்கும்வரை எதிரியும் காத்திருக்க வேண்டும், நாயகியும் காத்திருக்க வேண்டும். மழை பெய்தால் யாருக்கு இலாபம்? இந்தக் கேள்வியைத் தொடரின் நடுப்பகுதி முழுவதும் இழுக்கலாம். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கினால் மஸ்கெலியாப் பக்கம் நனைந்துவிடும் என்பதை நினைவில் வைத்து மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

போலி அடையாள அட்டையை நாயகி எப்படிக் கண்டுபிடிப்பாள்?

எண்ணைப் பார்த்து. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பன்னிரண்டு இலக்கம் கொண்ட புதிய எண்ணிலும் இந்த முறைதான், ஆண்டு மட்டும் நான்கு இலக்கமாக வரும். அவசரத்தில் ஓர் ஆணின் எண்ணைப் பெண்ணின் படத்தோடு ஒட்டிவிட்டான் எதிரி. 500ஐத் தாண்ட வேண்டிய இடத்தில் 214 நிற்கிறது. மொழிபெயர்ப்பாளராக வருடக்கணக்கில் இத்தகைய எண்களைத் தட்டச்சு செய்தவளின் கண் அங்கே நின்றுவிடும். அந்தத் திறமை அவளுடைய பழைய வேலையில் இருந்து இயல்பாகவே வருகிறது, இடையில் ஒரு நிபுணரைக் கொண்டுவரத் தேவையில்லை.

உண்மையான புலனாய்வுப் பிரிவுகளின் பெயரைப் போடலாமா?

கற்பனை இலாகா ஒன்றை உருவாக்குங்கள். ஆனால் சட்டம் உண்மையாக இருக்கட்டும். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழல் இல்லாமல், யுத்த காலத்தில் நடக்கும் தலைமறைவுக் கதை எழுத முடியாது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டை இல்லாமல் நின்ற தோட்டத்து இளைஞர்களுக்கு என்ன நேர்ந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

வில்லன் தோட்டத்துத் துரையாக இருக்கலாமா?

எனக்கு அதில் விருப்பமில்லை. தோட்ட நிர்வாகியான துரையைக் கண்டதும் வாசகர் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவார், பிறகு சஸ்பென்ஸ் எங்கே? தோட்ட ஆபீஸின் பெரிய கிளாக்கரை யோசியுங்கள். பல காலம் லயத்துக்குத் தனித்தனி முகவரி கிடையாது, கடிதமெல்லாம் தோட்ட ஆபீஸுக்கே வந்து சேர்ந்தது. யாருக்கு எது வந்தது, எது வரவில்லை என்று அறிந்தவர் அந்த மேசைக்காரர். பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர், எல்லோரும் மதிக்கும் மனிதர். அவர் பயத்தால் ஒரே ஒரு கடிதத்தை மறைத்தார் என்று வைத்தால், வாசகர் அவரை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் தவிப்பார்.

காமன் கூத்து, தப்பு மேளம் இவற்றைச் சேர்க்கலாமா?

கதைக்கு வேலை செய்தால் சேருங்கள், அலங்காரத்துக்கு வேண்டாம். மாசி மாதக் காமன் கூத்தில் வேடம் கட்டியவர்கள் இரவில் வீதியில் வருவார்கள், கூட்டம் பின்னால் போகும். முகத்தில் அரிதாரம் பூசி ஒருத்தி அந்தக் கூட்டத்தோடு தோட்டத்தைக் கடக்கலாம். தப்புக்குச் சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு வேறோர் அடி உண்டு. ஒரு காலத்தில் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் திரட்டும் இடத்துக்கு, ஆள் கூப்பிட்டதும் தப்படித்துத்தான். பொலிஸ் ஜீப் ஏறி வரும்போது, சாவு விழாத லயத்தில் சாவு மேளம் கேட்டால் ஊருக்குப் புரியும், ஜீப்பில் இருப்பவருக்குப் புரியாது.

உண்மையான பேரழிவுகளைக் கதைக்குப் பயன்படுத்தலாமா?

மிகுந்த கவனத்தோடு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்ட மலை அது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் இன்று உங்கள் வாசகர்கள். ஆகவே அந்த ஊரையோ அந்த நாளையோ திருப்பத்துக்கான கருவியாக எடுக்காதீர்கள். பெயரில்லாத ஒரு தோட்டம், மேசை இழுப்பறையில் பூட்டி வைக்கப்பட்ட ஓர் எச்சரிக்கைக் கடிதம் என்று எழுதுங்கள். கோபம் குறையாமல் எழுதுங்கள். இறந்தவர்களை மட்டும் தொந்தரவு செய்யாதீர்கள்.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் எங்கே நிறுத்துவது?

கதவு தட்டப்படும் இடத்தில் நிறுத்துவது எல்லோருக்கும் தெரிந்த வழி. நான் விரும்புவது, ஒருவர் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நிறுத்துவதை. பொலிஸார் இஸ்தோப்பில் நிற்கிறார்கள், “புதிதாக யாராவது வந்தார்களா அம்மா?” என்று கேட்கிறார்கள், அடுப்பங்கரையில் இருந்து அந்த அம்மா வெளியே வருகிறார். தொடரும்.

ஹோட்டன் சமவெளியில் உள்ள ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பள்ளத்தில் உச்சக்கட்டம் வைக்கலாமா?

எண்ணூறு மீட்டருக்கும் அதிகமான அந்தப் பள்ளத்தில் ஏற்கெனவே நிறைய வில்லன்கள் விழுந்துவிட்டார்கள். என் ஆசையைக் கேட்டால், உச்சக்கட்டம் ஒரு பிரதேச செயலகத்தில் நடக்கட்டும். வரிசையில் முப்பது பேர் நிற்கிறார்கள், அவர்களில் ஒருத்தியாக நாயகி, கையில் அந்த மரண உதவிச் சங்கக் கொப்பி. எதிரியின் ஆள் வாசலில் வந்துவிட்டான். முன்னால் நிற்கும் ஒவ்வொருவரும் விலகி அவளுக்கு இடம் விடுகிறார்கள், பின்னால் நிற்பவர்கள் நெருங்கி வழியை அடைக்கிறார்கள்.

எழுதி முடித்ததை முதலில் யாரிடம் காட்டுவது?

எழுத்தாளர்களிடம் பிறகு காட்டலாம். தொழிற்சாலை அத்தியாயத்தை ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ரயில் அத்தியாயத்தை அந்தப் பாதையில் வேலை செய்த ஒருவரிடம். மலை ஓட்டத்தைக் கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம், வேலை முடிந்து கொழுந்தை எடை போட்ட பிறகு மாலையில் போய் வாசியுங்கள். எங்கே பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்களோ அதைத் தொடாதீர்கள். எங்கே “அந்த வழியாகப் போக முடியாதே தம்பி” என்கிறார்களோ, அந்தப் பக்கத்தை அன்றிரவே திருத்திவிடுங்கள்.